அடிச்சட்டமும் துருவும்: ஒரு சிறு வரலாறு

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் வழக்கமாகக் கோயில்களின் வரலாறும், புலவர்களின் வரலாறும், நாம் விட்டுவந்த ஊர்களின் வரலாறும் இடம்பெறும். இவ்வாண்டு நாம் எழுதப் புகுவதோ ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடிச்சட்டத்தைப் பற்றியும், அதனை அரித்த துருவைப் பற்றியும் ஆகும். இதில் வரலாறு எங்கே வந்தது என்று அன்பர்கள் வினவலாம். இரும்பை உருக்கக் கற்ற நாள்முதல் மனிதன் துருவோடு நடத்திவரும் போர், எந்த அரசர் நடத்திய போருக்கும் இளைத்ததன்று. அப்போரில் நமது சங்கம் ஒருமுறை தோற்றது. தோற்றதற்குக் காரணம், இக்கட்டுரையாளராகிய நாம் ஒரு தாளில் இட்ட கையெழுத்து. ஆதலின் இதனை எழுதும் கடமையும் நம்மையே சார்ந்ததாயிற்று.

சங்கத்து வண்டியை அறியாத குடும்பம் இக்காலனியில் இல்லை. பொங்கலுக்குக் கரும்பும், விழாவுக்கு மேடைப் பலகையும், கல்யாணத்துக்கு அண்டா குண்டாக்களும் அதில்தான் வந்தன. ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழும் நம்முள் ஒரு பெரியவர் காலமானால், சுபர்ணரேகை ஆற்றங்கரைக்கு அவரைக் கொண்டு சென்றதும் அவ்வண்டியே. ஆண்டு விழா நெருங்குந்தோறும் அதற்குப் புதிய நீலச் சாயம் பூசி, சங்கத்தின் பெயரை எழுதி, மாலையும் சூட்டுவோம். நான்கு ஆண்டுகள் அச்செலவுச் சீட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் நாமே. மூன்றாம் ஆண்டில் வண்டியோட்டி, அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு தொகை கேட்டு எழுதினார். “கண்ணுக்குப் புலப்படாத இடத்துக்குச் செலவு வேண்டுவதில்லை” என்று குறிப்பெழுதி, அதனைத் திருப்பியவரும் நாமே.

சென்ற ஆண்டு ஆடி மாத மழையில், நாடகத் திரைகளையும் விளக்குகளையும் ஏற்றிவந்த வண்டி, ரெயில்வே கேட்டைத் தாண்டியதும் இடப்புறம் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்தின் கமான் பட்டையைத் தாங்கும் பிடி, அடிச்சட்டத்தின் இரும்பையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வண்டியில் இருந்த மூவருக்கும் இறையருளால் காயமில்லை. கேட்டைக் கடந்தபின் நேர்ந்தது தண்டவாளத்தின் மேலேயே நேர்ந்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்பதை, ரெயில்வேயில் ஊழியம் புரியும் நாம் எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறோம்.

அடியில் தவழ்ந்து பார்த்தபோது சட்டம் முழுவதும் கருந்தார் தடித்துப் பூசப்பட்டிருந்தது. நமக்கு விற்றவர் பூசியதாகலாம். அவருக்கு முன்னிருந்தவர் பூசியதாகலாம். துருவின் மேலேயே பூசியிருந்தார்கள். தாரை நீக்கினால் அடியில் இரும்பு அப்பளம்போல் அடுக்கடுக்காக உதிர்ந்தது.

துரு என்பது யாது?

நாம் வாழும் ஊருக்கு இக்கேள்வி புதிதன்று. 1904-இல் நிலவியலறிஞர் பி. என். போஸ், மயூர்பஞ்சின் கோருமஹிஸானி மலையில் உயர்ந்த இரும்புத் தாது உண்டென்று ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு எழுதினார். 1907-இல் கம்பெனி தோன்றியது. 1912-இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1919-இல் ஊர் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் பெற, காளிமாட்டி என்றிருந்த ரெயில் நிலையம் டாடாநகர் ஆயிற்று. அந்த மலைகளின் செம்மண்ணும், பழைய வண்டியின் அடியில் உதிரும் செந்தூளும் நெருங்கிய உறவினர்கள். தாதுவில் இரும்பும் பிராணவாயுவும் கூடியிருக்கின்றன. உலையில் பெருந்தீயிட்டு அவற்றைப் பிரிக்கிறோம். பிரிந்த இரும்போ ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் மீண்டும் பிராணவாயுவோடு கூடி மண்ணாகவே முயல்கிறது. தாய்வீடு திரும்பும் அம்முயற்சியே துரு.

நீர், காற்று ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றித் துரு பிடிக்காது. உப்புச் சேர்ந்தால் வேகம் பெருகும். ஏனெனில் உப்பு நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும், துருப்பிடித்தலோ உள்ளபடியே ஒரு நுண்ணிய மின்கல வேலை. சேறு ஒட்டியிருக்கும் இடத்தில் காற்று குறைவாகவும், பக்கத்தில் மிகுதியாகவும் இருந்தால், காற்றுக் குறைந்த இடத்து இரும்பே முதலில் கரையும். மறைவிடமே முதலில் அழிவதற்கு இதுவே காரணம். மேலும், துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைக்கும். இரு தகடுகளுக்கிடையே அது புகுந்தால், ஆப்பு அறைந்ததுபோல் அவற்றைப் பிளந்துவிடும்.

தில்லித் தூண் கற்பிக்கும் பாடம்

துருவை வென்ற இரும்பு என்றவுடன், தில்லி குதுப் வளாகத்துத் தூண் நினைவுக்கு வரும். 7 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமும், 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அத்தூணில் ‘சந்திரன்’ என்னும் அரசனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலார் கொள்கை. அவ்வாறாயின் தூணுக்கு வயது ஏறத்தாழ 1600 ஆண்டுகள்.

அது துருப்பிடிக்காத மருமத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து விளக்கினார். மரக்கரியில் தாதுவை உருக்கிய அக்காலக் கொல்லர்கள் சுண்ணாம்புக் கல் சேர்க்கவில்லை. ஆகவே தாதுவிலிருந்த பாஸ்பரம் நீங்காமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. மழையிலும் வெயிலிலும் தூண் மாறிமாறி நனைந்து உலர, அந்தப் பாஸ்பரம் இரும்போடு கூடி, மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் இரும்பைக் காத்து நிற்கிறது. தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை.

ஆயினும் இத்தூணைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1961-இல் தொல்லியல் துறையினர் தூணைத் தோண்டியெடுத்துச் செப்பனிட்டபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதி துருப்பிடித்தே இருந்தது. அதற்கு ஈயக் கவசமிட்டு மீண்டும் நாட்டினர். உலகம் வியக்கும் தூணும் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் துருவை வென்றது. மறைந்த அடியில் அதற்கும் மனிதனின் கவனம் தேவைப்பட்டது. இதனைப் படித்தபோது நமது குறிப்புத் தாள் நம் கண்முன் வந்து நின்றது.

செந்தூரமும் துத்தநாகமும்

இரும்பைக் காக்க மேலைநாட்டார் நெடுங்காலம் நம்பியது ஈயச் செந்தூரம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த அச்செஞ்சாயம் பாலங்களையும் கப்பல்களையும் ரெயில் வண்டிகளையும் காத்தது. ஆனால் ஈயம் உடலுக்குப் பெருங்கேடு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. நம் நாட்டில் வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்னும் விதி 2017 முதல் நடைமுறைக்கு வந்தது.

1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பலின் செப்புத் தகட்டோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டைப் பிணைத்தால், அத்துண்டு தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். 1837-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சொரேல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். நம் வீட்டு வாளியும் கூரைத் தகடும் இம்முறையால் வந்தவையே. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும்.

ஸ்காட்லாந்தின் போர்த் ரெயில் பாலம் 1890-இல் திறக்கப்பட்டது. ஒரு கோடியில் சாயம் பூசி முடிப்பதற்குள் மறு கோடியில் மீண்டும் தொடங்க வேண்டும் என்று அதனைப் பற்றிச் சொல்வார்கள். முடிவே இல்லாத வேலைக்கு அப்பாலம் அங்கே பழமொழியாகிவிட்டது. 2011-இல் முடிந்த பெரும் பணியில் புதுவகைச் சாயம் பூசப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நமது பாம்பன் பாலமோ 1914-இல் திறக்கப்பட்டு, உப்புக் காற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. இறுதியில் அதன் தூக்குப் பகுதியை அரிப்பு தளர்த்தவே, 2022 டிசம்பரில் ரெயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. நூறாண்டுகள் அந்தப் பழம் பாலத்தைக் காத்தவை சுரண்டும் உளியும் சாயத் தூரிகையும் ஏந்திய பெயரறியா ஊழியர்களின் கைகள்.

வண்டிக்கு வந்த சட்டம்

1896-இல் ஜெர்மானியர் டைம்லர் முதல் மோட்டார் லாரியைச் செய்தார். நாளடைவில் மரச்சட்டம் ஒழிந்து, அழுத்தி வளைத்த எஃகுச் சட்டம் நிலைபெற்றது. நீளவாட்டில் இரு உத்தரங்கள், குறுக்கே சில கட்டைகள். கிடத்திய ஏணியை ஒத்தது அதன் வடிவம். இன்ஜின், கூண்டு, பளு ஆகிய யாவற்றையும் தாங்குவது அதுவே. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ. ஓ. ஸ்மித் கம்பெனி 1921-இல் நிறுவிய இயந்திரசாலை, நாளொன்றுக்கு 10,000 சட்டங்கள் வரை செய்ய வல்லதாயிருந்தது. 1925-இல் போர்டு கம்பெனி, தனது மாடல் டி வண்டியில் பின்புறப் பெட்டி வைத்து, பிக்கப் என்னும் பெயரோடு 281 டாலருக்கு விற்றது. குடியானவரும் சிறு வியாபாரியும் விரும்பிய வண்டி இவ்வாறு பிறந்தது.

பாஸ்பரத்தின் கதையும் இவ்விடத்தில் தொடர்கிறது. எஃகுக்குள் பாஸ்பரம் மிகுந்தால் அது நொறுங்கும் இயல்பு பெறும். ஆகவே இக்கால உலைகளில் அதனை நீக்கிவிடுகிறார்கள். உள்ளே ஆகாத அப்பொருளை வெளியே பூசினால் என்ன என்று எண்ணினார் ஆங்கிலேயர் காஸ்லெட். பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்பைக் காய்ச்சிக் காப்புப் படலம் உண்டாக்கும் முறைக்கு 1906-இல் உரிமம் பெற்றார். 1915-இல் டிட்ராய்ட் நகரில் பார்க்கர் கம்பெனி தொடங்கப்பட, அம்முறை மோட்டார் தொழிலில் பரவியது. குப்தர் காலக் கொல்லனுக்குத் தற்செயலாகக் கைகூடியதை, இருபதாம் நூற்றாண்டு அறிந்தே செய்தது.

ஆயினும் துரு தோற்றுவிடவில்லை. குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அமெரிக்காவில் 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அதனைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வழக்கம் எங்கும் பரவியது. உப்புச் சேறு சட்டத்தின் உட்புறத்தில் தங்கி அதனைத் தின்றது. டொயோட்டா கம்பெனி 2008-இல், 1995 முதல் 2000 வரை செய்த டக்கோமா பிக்கப்களில் சட்டம் கெட்டவற்றைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்பப் பெற முன்வந்தது. 2016-இல் ஏற்பட்ட வழக்குச் சமரசம் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் தழுவியது. அதற்கு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் செலவு வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் கருதிப் பார்க்க வேண்டிய தொகை இது.

நம் ஊரில் பனியுமில்லை, உப்புமில்லை. ஆனால் நான்கு மாத மழையும் செம்மண் சேறும் உண்டு. 1945-இல் ரெயில் இன்ஜின் செய்யத் தோன்றிய டெல்கோ, 1954-இல் ஜெர்மன் கம்பெனியோடு கூடி லாரி செய்யத் தொடங்கிய காலந்தொட்டு, இவ்வூர்ப் பட்டறைக்காரர்கள் அடிச்சட்டத்தின் நோயும் மருந்தும் அறிந்தவர்கள்.

நமது சட்டம் மீண்ட கதை

வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் பலர் கூறினர். அது தவறான யோசனையன்று. சட்டம் முழுவதும் கெட்டிருந்தால் அதுவே நேர்மையான வழி. தொழிற்சாலையில் 38 ஆண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, “முதலில் தட்டிப் பார்ப்போம், பிறகு பேசுவோம்” என்றார். ரெயில் நிலையங்களில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் ஊழியரைப் பழைய அன்பர்கள் கண்டிருப்பார்கள். அவ்வாறே அவர் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல இரும்பு கணீரென்றது. கெட்ட இடம் பொத்தென்றது. கெட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். எண்ணியபோது பதினொன்று. எல்லாம் பின்பகுதியில் சேறு தங்கும் இடங்கள். முன்பகுதி உறுதியாகவே இருந்தது.

கார்த்திகை முதல் மாசி வரை ஞாயிறுதோறும் வேலை நடந்தது. எரிபொருள் தொட்டியை முதலில் கழற்றித் தொலைவில் வைத்தார்கள். பின்னர் பெட்டியையும் கூண்டையும் இறக்கினார்கள். சட்டத்தில் கைவைக்குமுன் மிஸ்திரி குறுக்கே இரும்புக் கோல்களை இணைத்து, அது கோணாதபடி கட்டினார். மூலைக்கு மூலை அளந்து எழுதும் பணி நமக்குக் கிடைத்தது. “தம்பி, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். உங்கள் கணக்குப் புத்தகம் இங்கேதான் வேண்டும்” என்று பெரியவர் சொன்னபோது, அச்சொல்லில் குத்தல் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று நமக்கு விளங்கவில்லை.

கெட்ட இரும்பின் மேல் ஒட்டுப் போடாமல், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்தார்கள். அதே கனமுள்ள எஃகுத் தகட்டைப் பற்றவைத்தார்கள். தகட்டின் ஓரத்தை நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டினார் மிஸ்திரி. நேர்குத்துக் கோட்டில் பளு முழுவதும் ஒருங்கே விழுந்து பிளந்துவிடும் என்பது அவர் கண்ட அனுபவம். பிறகு கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு, சங்கத்து இளைஞர்கள் சட்டம் முழுவதையும் தேய்த்தார்கள். நீங்காமல் குழிகளில் ஒட்டிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த நீர்மத்தைக் கையுறை அணிந்து பூசி, கழுவி, அன்றே உலர்த்தினார்கள். அதன்மேல் பூசியது ஈயச் செந்தூரத்தின் இடத்தைப் பிடித்துள்ள துத்தநாகப் பாஸ்பேட் பிரைமர். தில்லித் தூணின் பாஸ்பரமும் சொரேலின் துத்தநாகமும் ஒரே டப்பாவில் இருப்பதைக் கண்டு வியந்தோம்.

ஓரங்களிலும் பற்றவைத்த இடங்களிலும் சாயம் மெலிந்து நிற்கும் ஆதலால், அவற்றுக்கு மட்டும் ஒருமுறை அதிகமாகப் பூசினார்கள். மேற்பூச்சுக் கறுப்பு எனாமல். சட்டத்தின் மூடிய குழல்களுக்குள் மெழுகுக் கலவையை நீண்ட குழாயால் தெளித்தார்கள். அடைபட்டிருந்த நீர்வடி துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார்கள். பழைய இன்ஜின் எண்ணெயை அடித்துவிட்டால் போதும் என்று ஒரு நண்பர் கூறினார். அது மண்ணைக் கெடுக்கும், ரப்பர் உறுப்புகளை ஊறவைக்கும் என்று பெரியவர் இசையவில்லை. தாரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவேயில்லை. ஈரத்தின் மேல் இட்ட தார் ஈரத்தை வெளியே விடாது. அதைவிடப் பெருங்கேடு, நோயைக் கண்ணுக்குக் காட்டாது.

போக்குவரத்துத் துறையின் தகுதித் தேர்வில் ஆய்வாளர் அடியில் குனிந்து நெடுநேரம் பார்த்து, தாமும் ஒரு சுத்தியலால் தட்டினார். எங்கும் கணீரென்றது. அதன் பின்னரே வண்டி சாலைக்கு வந்தது.

கைவிடலாகாத கடமை

இவ்வரலாற்றை நோக்குங்கால் ஒன்று தெளிவாகிறது. துருவை ஒரே முறையில் ஒழித்த பொருள் எதுவும் இல்லை. தூணுக்கு ஈயக் கவசம் வேண்டியிருந்தது. பாலத்துக்கு ஓயாத சாயம் வேண்டியிருந்தது. நமது சட்டத்துக்குப் பூசிய பூச்சும் சில ஆண்டுகளுக்குத்தான். கல் பட்டு ஒரு கீறல் விழுந்தால் அங்கே துரு மீண்டும் தொடங்கும். இரும்பைக் காப்பது ஆண்டுதோறும் அதன் அடியில் குனிந்து பார்க்கும் மனிதனே.

ஆகவே செயற்குழுவின் இசைவோடு ஒரு புதிய பதிவேடு தொடங்கியிருக்கிறோம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, சட்டம் கழுவப்பட்டு, தட்டிப் பார்க்கப்பட்டு, கண்டவை நாளிட்டு எழுதப்படும். வண்டியோட்டி கேட்கும் அடிப்பாகச் செலவை மறுக்க விரும்புவோர், தாமே அடியில் படுத்துப் பார்த்தபின் காரணம் எழுத வேண்டும் என்பது அப்பதிவேட்டின் முதல் விதி. அதனை எழுதியவரும் நாமே. அதற்கு முதலில் கட்டுப்பட வேண்டியவரும் நாமே. முதற் பக்கத்தில், திருப்பப்பட்ட அந்தப் பழைய தாளையும் நம் கையெழுத்தோடு ஒட்டி வைத்திருக்கிறோம்.

இவ்வாண்டு விழாவில் வண்டிக்குப் புதிய நீலச் சாயம் பூசப்படவில்லை. அத்தொகை அடிச்சட்டத்துக்குப் போய்விட்டது. கதவுகளில் சாயம் மங்கியிருப்பதைக் காணும் அன்பர்கள் பொறுத்தருள்க. ஐப்பசி பிறந்ததும் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மழைக்குப் பிந்திய சோதனை நடைபெறும். கம்பி பிரஷ் சங்கத்தில் உண்டு. பழைய உடை அணிந்து வருவது நலம். தட்டிக் கேட்கும் செவியை நம் பிள்ளைகளும் பெறவேண்டுமாதலால், அவர்களையும் உடன் அழைத்து வருமாறு வேண்டுகிறோம்.